உன் தண்ணீர் முறையை நான் கொடுக்கவில்லை

தம்பி,

இதை நானேதான் எழுதுகிறேன். கோணல்மாணலான எழுத்தைப் பார்த்து யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. பென்சில் என்னுடையது, கை என்னுடையது, அழித்து அழித்துக் கடதாசியில் விழுந்த ஓட்டையும் என்னுடையதுதான். எழுபது வயதைத் தாண்டிய நான் எழுதும் முதல் கடிதம் இது. அடுத்த அறையில் இருக்கும் மகனுக்கு ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். திங்கட்கிழமை நீ வன்னிக்குப் போகிறாய். வவுனியாப் பக்கம், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களைப் பழக்கி எடுக்கும் அந்த நிலையத்தில் மூன்று மாதம் இருக்கப்போகிறாய். போவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். வாயால் கேட்கப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் பென்சிலை எடுத்தேன்.

முதலில் என் சந்தோசத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வருவது சந்தோசமான விசயம் இல்லை. எழுதுவது இவ்வளவு ருசியான வேலை என்று எனக்கு இதுவரை எவரும் சொல்லவில்லை. வாசிகசாலையில் சனிக்கிழமைகளில் நடக்கும் முதியோர் வகுப்புக்கு நான் ஏன் போகத் தொடங்கினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. நீ பனையிலிருந்து விழுந்த அன்று யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். சத்திரசிகிச்சைக்குக் கொண்டு போகிறோம், கையெழுத்து வையுங்கள் என்றார்கள். நான் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அதன் பிறகு வெளியே வாங்குப் பலகையில் இருந்துகொண்டு, என் மகனை எதற்கு ஒப்புக்கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லையே என்று நடுங்கினேன். அந்த நடுக்கம்தான் என்னை வகுப்புக்கு அனுப்பியது. போன பிறகு நடுக்கம் குறைந்து ஆசை வந்துவிட்டது. 'ஞ' எழுத்தை முதல் தடவை சரியாக எழுதிய அன்று, ஊர் முழுவதும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது. உன் பெயரை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிவிட்டு, "என்ர பேரை எப்ப எழுதப் போறியள்? முப்பத்தெட்டு வரியமாச் சமைச்சுப் போடுறது நான்" என்று சண்டைக்கு வந்தாள். இப்போதுகூட ஒரு வசனத்தை முடித்துப் புள்ளி வைக்கும்போது எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வருகிறது. இந்தக் கடிதத்தில் அது வரக்கூடாத இடத்திலும் வரும். பொறுத்துக்கொள்.

நீ விழுந்த கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்ப்பதற்குப் பனையோலை வெட்ட ஏறினாய், பிடித்த மட்டை கையோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், அது உனக்குத் தெரியாது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் சில்லுக் கதிரையில் நீ வீட்டுக்கு வந்தபோது வேலணையில் எங்கள் பக்கத்துச் சனம் முழுவதும் வந்து நின்றது. எங்கள் பங்குக் கிணறு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சுற்றிலும் கடல் உள்ள இந்தத் தீவில் நல்ல தண்ணீர் பாலின் மேல் ஏடு போலத்தான் கிடக்கிறது. ஒருநாள் அளவுக்கு மேல் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும், வெங்காயத்தாள் நுனி கருகும். அதனால் பங்காளர் ஒவ்வொருவருக்கும் நாள் குறித்துத் தண்ணீர் முறை வைத்திருக்கிறோம். கூடப்பிறந்தவனானாலும் அடுத்தவன் முறையில் இறைக்கும் மெசினைத் தொடமாட்டான். அப்படிப்பட்டவர்கள் உன் முறை நாட்களில், செவ்வாயும் வெள்ளியும், தாங்களாகவே வந்து வாய்க்காலைத் திருப்பி உன் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார்கள். உன் அக்காவோடு அத்தான் வந்தார், செல்லத்துரை மாமா வந்தார். ஒருவரும் ஒரு சதம் கேட்கவில்லை. "நீ ஒண்டுக்கும் யோசியாதை தம்பி, எல்லாத்தையும் நாங்கள் பாக்கிறம்" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். சோறு உன் கட்டிலுக்கு வந்தது. உன் இரண்டு கைகளும் மண்வெட்டி பிடித்து இறுகிய கைகள், அப்படியே இருந்தன. ஆனாலும் சேட்டுக்குப் பொத்தான் போட்டுவிட அம்மா வந்தாள். இதைவிட ஒரு பிள்ளையை எப்படித் தாங்குவது என்று நாங்கள் எங்களையே மெச்சிக்கொண்டோம்.

நீ பேசுவது குறைந்தது. முதலில் பகிடி நின்றது, பிறகு கேள்வி நின்றது, பிறகு ஓம், இல்லை என்ற இரண்டு சொல்லோடு நாட்கள் போயின. எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். பயிருக்கு அடிக்கும் மருந்து வைத்திருந்த அறைக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். தோட்டத்தில் நின்றால் வீட்டுப் பக்கம் காது இருந்தது. கதிரைச் சில்லு சீமெந்தில் உருளும் சத்தம் கேட்டால் மூச்சு வரும், கேட்காவிட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவேன். நீ நிமிர்ந்து பார்ப்பாய். "தேத்தண்ணி குடிச்சியோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவேன். அந்தக் கேள்வியை உன்னிடம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! தேத்தண்ணீரைத் தவிர இவருக்கு உலகத்தில் வேறு கவலை இல்லை என்று நீ நினைத்திருக்கலாம்.

அந்த நாட்களில்தான் கமக்கார அமைப்பு ஒரு கூட்டம் வைத்தது. பசளை மானியம் பற்றிச் சொல்லப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு எல்லோரும் போனோம். போனால் அங்கே ஆசுப்பத்திரியில் உளநல உத்தியோகத்தராக வேலை செய்யும் பிள்ளை இருந்தாள், பிறகு உன்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாளே, அவள்தான். செல்லத்துரை மாமாவின் வாய் சும்மா இருக்குமா? "பிள்ளை, யூரியா இல்லையெண்டு மூளைக்குப் பசளை போட வந்தனியோ?" என்றார். அவளும் விடவில்லை. "ஐயாவின்ர மூளை நல்லாச் செழிச்சுத்தானே கிடக்கு. களைதான் கொஞ்சம் பிடுங்கவேணும்" என்றாள். மண்டபம் சிரித்து அடங்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் அவள் வந்த விசயத்தைத் தொடங்கினாள். விளைச்சல் அழிந்து போனவன், உடம்பு ஏலாமல் தோட்டத்தை விட்டவன், இப்படியானவர்கள் வீட்டில் பேசாமல் இருந்தால் அதை அமைதி என்று நினைக்கவேண்டாம் என்றாள். "அப்பிடிப் பேசாமல் இருந்தவர் திடீரெண்டு சந்தோசமாகி, தன்ர சாமானுகளை மற்றவைக்குக் குடுக்க வெளிக்கிட்டால் இன்னும் கவனமா இருங்கோ. நேராக் கேளுங்கோ, சாகவேணும் எண்டு நினைக்கிறியோ எண்டு."

நான் எழும்பினேன். "அப்பிடிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்திடாதோ, பிள்ளை?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "வராது ஐயா. இருந்தால் வெளியில வரும். ஆரும் கேக்கேல்லை எண்டதுதான் கனபேருக்குப் பெரிய பாரம்" என்றாள். நான் இருந்துவிட்டேன். நம்பவில்லை. அந்தச் சொல்லை வீட்டுக்குள் கொண்டு வருவதே, கதவைத் திறந்து அதைக் கூப்பிடுவது போல எனக்குப் பட்டது.

அவள் உன்னைப் பார்க்க வந்தபோது, "சுகமாத்தான் இருக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டாய். வன்னி நிலையத்தைப் பற்றிச் சொன்னாள், அங்கே போனால் கதிரையிலிருந்து நீயே இறங்கவும் ஏறவும், குளிக்கவும், கைகளால் செய்யும் வேலைகளைத் தொடங்கவும் பழக்குவார்கள் என்றாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். பல மாதம் அதே பதில்தான்.

போன கிழமை எல்லாம் மாறியது. விடிய எழும்பி நீயே முகச்சவரம் செய்தாய். "அம்மா, ஒடியல் கூழ் காய்ச்சுவமோ?" என்று கேட்டாய். வன்னிக்குப் போகிறேன் என்றாய். அம்மா பிள்ளையார் கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்காய் உடைத்தாள். நான் வகுப்பில் ரீச்சரிடம், "மகன் சிரிச்சவன்" என்று சொன்னேன், அவ அதைக் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் வாசிக்கச் செய்தா. உன் ரேடியோவைச் செல்லத்துரை மாமாவிடம் கொடுத்தாய். கைக்கடிகாரத்தை அக்காவின் கையில் கட்டிவிட்டாய். தாராள மனம் என்று பூரித்தோம். வியாழக்கிழமை மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "அப்பா, என்ர தண்ணி முறையை அத்தான்ர பேருக்கு மாத்தி விடுங்கோ. நாளைக்குக் கிணத்தடியில பங்காளரிட்டைச் சொல்லிவிடுங்கோ." அத்தான் கண்கலங்கி உன் தோளைப் பிடித்தார். அம்மா, "நல்ல பிள்ளை" என்றாள். நான் தலையாட்டினேன். கோப்பையைப் பாதிச் சோற்றோடு தள்ளி வைத்தேன், ஏன் என்று எனக்கு உடனே விளங்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கிணற்றடிக்கு நடந்து போகும்போதுதான் விளங்கியது. எங்கள் கிணற்றில் ஒருவரின் முறையை இன்னொருவரின் பேருக்கு மாற்றுவதாக நான் காதால் கேட்டது எப்போதெல்லாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரின் செத்தவீடு முடிந்த பிறகு கேட்டிருக்கிறேன். குடும்பத்தோடு கனடாவுக்குப் போய் இனி வரமாட்டேன் என்று சொன்னவரின் விசயத்தில் கேட்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் திரும்பி வருகிறவன் எவனும் முறையைக் கொடுத்ததில்லை. வரம்பில் அப்படியே குந்திவிட்டேன். அந்தப் பிள்ளை கூட்டத்தில் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. சந்தோசம், ரேடியோ, கடிகாரம், முறை.

கிணற்றடியில் எல்லோரும் நின்றார்கள். "என்ன அண்ணை, ஏதோ சொல்லப் போறியளாம் எண்டு உங்கட மருமோன் சொன்னான்" என்றார் செல்லத்துரை மாமா.

"ஒண்டும் இல்லை" என்றேன்.

"ஒண்டும் இல்லாததைச் சொல்லவோ வேட்டியும் கட்டிக்கொண்டு வந்தனியள்? அண்ணைக்கு எழுத்து வந்தது, பேச்சு போயிட்டுது!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தான் என்னைப் பார்த்தபடி நின்றார். நான் திரும்பி வந்துவிட்டேன். நீ வாசலில் கதிரையில் இருந்தாய். "சொல்லிட்டியளோ அப்பா?" என்று கேட்டாய். உன் முகத்தில் அப்படியொரு அமைதி. கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிச்சியோ?" என்றுதான் வந்தது.

இனி எழுத வேண்டியது ஒரு வரி. இந்த வரிக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். சாவு என்ற சொல்லை எனக்கு வகுப்பில் சொல்லித்தரவில்லை, எழுத்தைக் கூட்டி நானே எழுதவேண்டியிருக்கிறது.

தம்பி, நீ சாக நினைக்கிறாயா?

மேலே உள்ளதெல்லாம் சனிக்கிழமை காலை எழுதியது. இன்று ஞாயிறு. இடையில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், நாளைக்கு இது உன் பையில் போகவேண்டும்.

நேற்று மத்தியானம் தாள்களோடு உன் அறைக்கு வந்தேன். உன் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நீ கண்டவுடன், "என்னப்பா, வகுப்புப் பாடமோ? வாசியுங்கோ பாப்பம், பிழை பிடிக்கிறன்" என்றாய். எனக்கு அதற்கு மேல் தப்ப வழி இல்லை. கடைசித் தாளை எடுத்தேன். எனக்கு வாசிப்பு இன்னும் எழுத்து எழுத்தாகத்தான் வரும். தம்பி என்று வாசித்தேன். "ஓம், சரி" என்றாய். நீ என்று வாசித்தேன். அடுத்த சொல்லில் முதல் எழுத்தை வாசித்ததும் உன் சிரிப்பு நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். முழுவதையும் வாசித்து முடித்தேன்.

தாளை மடித்து மடியில் வைத்தேன். பிறகு நீ, "ஓம் அப்பா. நினைச்சனான்" என்றாய்.

நான் கத்தவில்லை. கத்தக்கூடாது என்று தெரிந்ததால் இல்லை, குரல் வரவில்லை. உன் கதிரைச் சில்லைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். "ஏன் ராசா?" என்றேன்.

"நான் இருந்தாலும் தண்ணி ஓடுது, இல்லாட்டிலும் ஓடுது. என்ர முறையில ஆரும் ஒருநாள் வந்து எந்தப் பாத்திக்கு முதல் விடுறது எண்டு என்னைக் கேக்கேல்லை. செத்தவன்ர பங்கைப் பாக்கிற மாதிரித்தான் பாத்தனியள். நல்லவை எல்லாரும். ஒருத்தரையும் கோவிக்கவும் ஏலாது." இரண்டு வருடத்தில் நீ இவ்வளவு பேசியதில்லை. "வன்னிக்குப் போனால் நீங்கள் ஓடிவந்து பாக்க மாட்டியள் எண்டு நினைச்சனான்."

"இப்பவும் நினைக்கிறியோ?"

"நேற்று நினைச்சனான். இப்ப... தெரியேல்லை அப்பா."

அந்தத் தெரியேல்லையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இல்லை என்று நீ சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அம்மாவைக் கூப்பிட்டேன், நீ மறிக்கவில்லை. மூன்று பேருமாக அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தோம். அவள் சனிக்கிழமை என்று பார்க்காமல் வந்தாள். உன்னோடு தனியாக நெடுநேரம் பேசினாள். வைத்தியரோடு கதைத்துக் குளிசைக்கு ஒழுங்கு செய்தாள், வன்னி நிலையத்துக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "போறது நல்லம், ஆனால் தனியப் போகவேண்டாம்" என்றாள். நீ எதையும் ஒளிக்கவில்லை என்று போகும்போது என்னிடம் சொன்னாள்.

முறை விசயத்தை அத்தானிடம் சொல்வதும் எளிதாக இருக்கவில்லை. "மாமா, நான் அவன்ரையைப் பறிக்க நிண்டன் எண்டே நினைக்கிறியள்?" என்று அவர் முகம் கறுத்தது. காரணத்தைச் சொன்னபோது அப்படியே வாங்கில் இருந்துவிட்டார். முதல் இரண்டு கிழமையும் உன்னோடு வன்னியில் நிற்பது அவர்தான், நான் கேட்காமலே சொன்னார். இன்று காலை கிணற்றடியில் பங்காளர் எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன்: முறை உன் பேரில்தான். நீ இல்லாத நாட்களில் நாங்கள் இறைப்போம், ஆனால் எந்தப் பாத்தி, எவ்வளவு நேரம் என்பதை முதல்நாள் உன்னிடம் கேட்டுத்தான். செல்லத்துரை மாமா உன் தோட்டத்துக்குப் போகும் வரம்பைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "சில்லுக் கதிரை போற அளவுக்கு இதை அகட்டினால் என்ர பக்கத்தில ஒரு பாத்தி போகும். போகட்டும். எனக்கும் முழங்கால் ஏலாது, எனக்கும் அந்தக் கதிரைதான் வரப்போகுது" என்றார். நாளைக்கே மண் வெட்டத் தொடங்குகிறாராம். ரேடியோவைத் திருப்பித் தரமாட்டாராம், அதற்குக் கூலி அதுதானாம்.

தம்பி, இதனால் என் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நேற்றைவிட இன்றைக்குக் கூடப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் நேற்றுவரை சந்தேகம், இன்றைக்குத் தெரியும். நீ போகும் இடத்தில் கதிரைச் சில்லின் சத்தம் எனக்குக் கேட்காது. ஒரு கேள்வியால் எல்லாம் தீர்ந்தது என்று நம்பும் அளவுக்கு நான் பேயன் இல்லை. அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எங்களுக்காகச் சிரிக்காதே. அம்மா சந்தோசப்படட்டும் என்று கூழ் கேட்காதே. கூடாத நாள் கூடாத நாளாகவே எங்களிடம் வரட்டும். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் தொலைபேசி எடுப்பேன். எடுத்துவிட்டு அதே கேள்வியைத்தான் கேட்பேன், அத்தானுக்கு முன்னாலும் கேட்பேன், உனக்கு வெட்கமாக இருந்தாலும் கேட்பேன். இல்லை என்றால் இல்லை என்று சொல். தெரியவில்லை என்றால் அதைச் சொல். ஓம் என்றால் ஓம் என்று சொல், உடனே அங்கே உள்ளவர்களுக்கும் சொல், நான் வந்து சேரும்வரை அவர்கள் பக்கத்தில் இரு.

நான் வருவேன். மருமகன் வரட்டும், பக்கத்து வீட்டுப் பெடியன் கூட்டிப் போகட்டும் என்று இனி நான் காத்திருக்கத் தேவையில்லை. இன்று கிணற்றடியிலிருந்து அப்படியே பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போனேன். வரிசையாக நின்ற பஸ்களின் நெற்றிப் பலகையை ஒன்றொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். மூன்று மொழியில் எழுதியிருக்கும், நடு வரிதான் தமிழ். பருத்தித்துறை. காரைநகர். இன்னொன்று. அடுத்ததற்கு முன்னால் நின்று எழுத்து எழுத்தாகக் கூட்டினேன், பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், நான் நகரவில்லை. வவுனியா. ஒருவரையும் கேட்காமல் நானே வாசித்தேன். அது எத்தனை மணிக்கு வெளிக்கிடும், கடைசிப் பஸ் எப்போது என்றும் பலகையில் வாசித்து வைத்திருக்கிறேன்.